உறையில் வைத்த நாடா

தேர்தல் வேலைக்குப் போய் வந்த ஆசிரியைகள் யாரைக் கேட்டாலும் சாப்பாட்டையும் கழிப்பறையையும் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கும் அந்த இரண்டைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு சத்தத்தைப் பற்றி.

தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வாக்காளர்களின் விரலில் மை வைப்பது என் வேலை. மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், பாதுகாப்புக்கு வந்திருந்த வடநாட்டு அதிகாரி ஒருவர் வெயில் தாளாமல் வாசலை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்காரப் பார்த்தார். பெஞ்சு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது, அவர் ஆறடி ஆள். வலது தொடையில் பட்டை போட்டுக் கட்டியிருந்த கறுப்பு உறை பெஞ்சுக் காலில் இடித்தது. துப்பாக்கி சற்று மேலே எழும்பியிருக்க வேண்டும். உள்ளங்கையால் அதை ஒரு அழுத்து அழுத்தினார்.

டக்.

அவ்வளவுதான். என் மூக்கில் சாம்பிராணியும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு நாற்றம் ஏறியது. எதிரில் நின்ற பெரியம்மா ஒருவர், "இன்னாம்மா, வெரல புடிச்சிகினு அப்டியே நிக்கிற? மைய வெச்சி வுடு, மாடு கத்துது" என்றார். வைத்தேன். நகத்தில் வைப்பதற்குப் பதில் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படிப் பராக்குப் பார்த்தால் நான் விடுவதில்லை.

ஆரணி சேவூரில் பட்டு நெசவு செய்கிற வீட்டுப் பெண்ணுக்கும் கமாண்டோக்களின் கைத்துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் நானும் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் துப்பாக்கிகளின் சரித்திரம் எனக்குத் தெரியும். ஒன்றுகூட நான் கையால் தொட்டதில்லை, கண்ணால் பார்த்ததும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் அவற்றின் உறைகள்தான். சட்டையை மட்டும் பார்த்து ஆளின் உயரத்தையும் குணத்தையும் சொல்கிற மாதிரிதான் என் அறிவு.

உறைகளைக் கொண்டுவந்தவர் வேலு மாமா, என் அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் போனவர் அவர் ஒருவர்தான். தறிக்குழியில் காலை விட்டு உட்கார அவருக்குப் பொறுமை கிடையாது. "இவன் குழிக்கு ஒத்து வரமாட்டான், மலைக்குத்தான் லாயக்கு" என்று அப்பா சொன்னார், அவரும் மலைக்கே போய்விட்டார்.

லீவு எப்போது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆயுத பூஜைக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவார். அன்றைக்குத் தறி ஓடாது. தறிக்கு, நாடாவுக்கு, ராட்டினத்துக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைப்போம். நாடா என்றால் கட்டுகிற நாடா இல்லை, ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டை. இரண்டு முனையும் கூராக, சின்னப் படகு மாதிரி இருக்கும்.

மாமா பட்டாளத்தில் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜைக்கு அப்பா கேட்டார். "எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்த வெக்கறாங்க. உன்னுது எங்கடா?"

"துப்பாக்கிக்கு லீவு கெடையாது மாமா. எனக்கு மட்டுந்தான்" என்றார் வேலு மாமா. துப்பாக்கியெல்லாம் 'கோத்'தில் இருக்குமாம். பட்டாளத்து ஆயுதக் கிடங்குக்கு அந்தப் பெயர். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும்.

அப்பா விடவில்லை. "அப்போ அத்தப் போட்டு வெக்கற பையியாச்சும் கொண்டா."

அடுத்த வருஷம் மாமா ஒரு கான்வாஸ் உறையைக் கொண்டுவந்தார். அவருடையது அல்ல. பழைய சாமான் கழித்தபோது அவருக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் எடுத்து வைத்திருந்தது, அது ரிவால்வருக்கானதாம். பச்சையும் காக்கியுமாக வெளுத்துப் போய், அரிசி மூட்டை மாதிரி மணத்தது. மூடியின் உட்புறம் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். அர்த்தம் தெரியாது. ஆனால் வீடே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. அப்பா பள்ளிக்கூடத்து வாசல் மிதித்ததில்லை. அம்மா கைநாட்டு. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இங்கிலீஷ் படித்த அந்தப் பெருமை, பட்டமும் பயிற்சியும் முடித்த பிறகுகூட எனக்கு அந்த அளவில் திரும்ப வரவில்லை.

"இது எங்க தாத்தா காலத்து கமாண்டோவுது" என்றார் மாமா. "ஆறு குண்டுதான். தீந்துட்டா நடுவுல மடிச்சி ஒண்ணொண்ணா போடணும். நீ போட்டு முடிக்கறதுக்குள்ள எதிராளி டீ குடிச்சிட்டு வந்துடுவான்."

பூஜையில் வைக்கும்போது அப்பாவுக்கு ஒரு சங்கடம். வெறும் உறையைச் சாமி முன்னால் வைப்பதா? சந்தனம் எதற்கு வைப்பது, காலிப் பைக்கா? சுற்றிலும் பார்த்தார். தன் நாடாவை எடுத்து உறைக்குள் செருகினார். பாதி உள்ளே போனது, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பொட்டு வைத்தார். "இப்போதான் நெறைவா இருக்குது" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வேறு எந்த நெசவாளர் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. ராணுவத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். இது எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததல்ல. நான் மாமாவுக்கு முறைப்பெண். பிறந்த அன்றே பேசி முடித்தது என்பார்கள். அவர் லீவில் வரும்போதெல்லாம் தெருவில் யாராவது, "உன் வூட்டுக்காரன் வந்துட்டான் பாரு, ஜல்தி ஓடு" என்பார்கள். நானும் ஓடுவேன். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. அவர் பெட்டியில் என்ன உறை இருக்கிறது என்று பார்க்கத்தான் ஓடினேன். அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது மாமாவைக் கமாண்டோ படைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரக்கு நிறத் தொப்பியோடு வந்தார். அந்த முறை வந்தது தோல் உறை. கனமான பழுப்புத் தோல், மேலே மூடி, மூடியில் பித்தளைக் குமிழ். புதுச் செருப்பும் எண்ணெயும் கலந்த வாசனை. இது ஒன்பது எம்.எம். பிஸ்டலுக்காம். முழுக்க இரும்பு, இங்கேயே செய்தது, பதின்மூன்று குண்டு பிடிக்கும். பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல், அதுதான் பூட்டு. கைப்பிடிக்கு அடியில் ஒரு வளையம். அதில் கயிறு கட்டி மறுமுனையை உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டும். ஓடும்போது, தவழும்போது, ஆற்றில் இறங்கும்போது விழுந்தாலும் தொலையாது.

கயிறு என்றதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அரக்குப் பாவில் மீந்த பட்டு இழைகளை எடுத்து, எட்டு புரியாக முறுக்கி, மாமாவின் தொப்பி நிறத்திலேயே ஒரு கயிறு செய்து கொடுத்தார். யானையைக் கட்டினாலும் அறாது என்றார். மாமா அதை எடுத்துப் போனார். "பளபளன்னு இருக்குதேன்னு ஆபீசர் திட்னாரு. மண்ணுல பெரட்டி அழுக்காக்கி கட்டிகினேன்" என்று அடுத்த வருஷம் சொன்னபோது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பட்டை மண்ணில் புரட்டுவதா? சாயந்தரம் வரை மாமாவோடு பேசவில்லை.

அந்த வருஷங்களில் நான் வகுப்பில் அடித்த பெருமைக்கு அளவில்லை. ரிவால்வர் வேறு, பிஸ்டல் வேறு என்று சமூக அறிவியல் ஆசிரியரையே திருத்தினேன். "அப்டியா? அப்போ கமாண்டோன்னா பெரிய மிஷின்கன் வெச்சிருப்பான், அவனுக்கு இந்தச் சின்னது எதுக்கு?" என்று அவர் கேட்டார். அடுத்த லீவு வரை காத்திருந்து மாமாவைக் கேட்டேன்.

அவர் பொரி தின்றுகொண்டிருந்தார். "பெரிசு மக்கர் பண்ணும்டீ, சில நேரம். எதிர்ல ஆளு நிக்கறான். சரி பண்ண நேரமில்ல. அப்போ கை தானா இடுப்புக்குப் போவணும். நீ சொல்லி போவக்கூடாது. அதுவா போவணும்."

"போயிருக்குதா?"

பொரியை மென்றார். "போயிருக்குது" என்றார். நான் மேலே கேட்டிருக்கலாம். உறையின் குமிழை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்துவிட்டேன்.

அடுத்து வந்தது நைலான். தொடையில் கட்டுவது, பட்டைகளும் பக்கிள்களுமாக இருக்கும். டிவியில் ராத்திரி பகலாகப் பனிமலையும் பீரங்கியும் காட்டிய கோடைக்குப் பிறகு வந்த ஆயுத பூஜை அது. அம்மா அதைப் பார்த்துவிட்டு மாமாவின் காலைத் தடவிப் பார்த்தாள். "எலும்பு முறிஞ்சுதாடா? எனக்கு ஏன் சொல்லல?" எலும்புக்குக் கட்டுகிற பட்டை என்று நினைத்துவிட்டாள்.

"இல்லக்கா. இடுப்புல சாமான் ஜாஸ்தி ஆயிட்ச்சி. கை தொங்கற எடத்துல இது இருக்கணும்னு கீழ எறக்கிட்டாங்க. மூடியும் இல்ல பாரு, ஒரு பட்டைதான். மூடிய தெறக்கற நேரம்கூட ஜாஸ்தின்னுட்டாங்க."

அந்த முறை அப்பாவின் பட்டுக் கயிற்றையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பதில் இப்போது டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்ட பிளாஸ்டிக் கயிறாம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அப்பா கயிற்றை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் அதில் சைக்கிள் சாவியைக் கோத்துக்கொண்டேன். மண் போகத் துவைத்ததும் அரக்கு நிறம் திரும்பிவிட்டது.

இங்கேதான் என் குழப்பம் ஆரம்பம். தடித்த மூடியும் குமிழுமாக அடைத்துக்கொண்டிருந்த உறை, வருஷத்துக்கு வருஷம் திறந்துகொண்டே போனது. மாமாவோ வருஷத்துக்கு வருஷம் மூடிக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் ரயிலில் பக்கத்து சீட்டில் இருந்தவர் குறட்டை விட்டதைக்கூட ஒரு மணி நேரம் நடித்துக் காட்டுவார். இப்போது வந்தால் தூங்குவார். இல்லையென்றால் தறிக்கு எதிரில் சும்மா உட்கார்ந்து நாடா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவர் கண் இமை லேசாகத் துடிக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரிந்ததா, எல்லோருக்கும் தெரிந்தும் பேசாமல் இருந்தார்களா, அதுவும் தெரியாது.

நான் பன்னிரண்டாவது தேறினேன். எங்கள் சொந்தத்திலேயே அந்த வகுப்பைத் தொட்ட முதல் ஆள். தெருவுக்கே கல்கண்டு கொடுத்தார் அப்பா. ஆனால் காலேஜில் சேர்க்கவில்லை. "வேலு லீவு போட்டுட்டு வரட்டும். கல்யாணம் ஆவட்டும். அப்பால அவன் படிக்க வெச்சா படி" என்றார்கள். நான் மறுக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றினேன். தார் என்பது நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சி. சுற்றியபடியே மடியில் வேதியியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிந்துபோன பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அது என்ன பைத்தியம் என்று கேட்காதீர்கள். கையில் வேறு புத்தகம் இல்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மாமா வந்தார். மறுநாள் விஜயதசமி அன்று தட்டு மாற்றிக்கொள்வதாக முடிவாகியிருந்தது. மாமாவின் பக்கம் தட்டு வைக்கச் சேத்துப்பட்டிலிருந்து அத்தை வந்து இறங்கியதுமே, "பன்னண்டாவது முடிச்ச பொண்ணு. இனிமே மாமனுக்கு இங்கிலீசுலதான் சோறு போடுவா" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மாமாவின் பெட்டியில் இருந்த உறையைப் பார்த்ததும் எங்களுக்கு எதுவும் புரியவில்லை. துணி இல்லை, தோல் இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக், பலகை மாதிரிக் கெட்டி. துப்பாக்கியின் வடிவத்திலேயே வார்த்திருந்தது, விசை இருக்கும் இடத்தில் ஒரு குழிவுகூட இருந்தது. பழையதில்லை. அவரே கன்டோன்மென்ட் பஜாரில் சொல்லி வைத்து வாங்கிய புதுசு. போகும்போது திரும்ப எடுத்துப் போக வேண்டும். கழித்துப் போடாமல், இன்னும் வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்த முதல் 'உயிருள்ள' உறை அது.

"துப்பாக்கியே பிளாஸ்டிக்தான் இப்போ" என்றார் மாமா. "வெளிநாட்டுது. அடிப்பாகம் பிளாஸ்டிக், குழா மட்டும் இரும்பு. பதினேழு குண்டு. வெளியில பூட்டே கெடையாது. விசையிலயே பூட்டு."

அப்பா நம்பவில்லை. "பிளாஸ்டிக் துப்பாக்கியா? திருவிழாவுல விக்கறானே, அதுவா? பட்டுன்னு சொல்லி பாலியஸ்டர் குடுக்கற கதையா இருக்குதே. உன்ன யாரோ நல்லா ஏமாத்திகினு இருக்காங்கடா."

"வெளியில பூட்டு இல்லன்னா கை தவறிப் பட்டா?" என்றாள் அம்மா.

"படக்கூடாதுக்கா. அவ்ளோதான்."

உறையைக் கூடத்தில் வைத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்க மாமா பஜாருக்குப் போனார். அப்பா வழக்கம்போல நாடாவை எடுத்துச் செருகினார். போகவில்லை. திருப்பிச் செருகினார். மறுமுனையை விட்டுப் பார்த்தார். கான்வாஸ் ஏற்றுக்கொண்டது, தோல் ஏற்றுக்கொண்டது, நைலான்கூட ஏற்றுக்கொண்டது. தோல் உறையில் அப்பா ஒரு வருஷம் பீடிக்கட்டும் சீப்பும் வைத்திருந்தார், அது எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இது முனையைக்கூட உள்ளே விடவில்லை. நல்ல காரியம் நடக்கப்போகிற வீடு, ஆயுதம் வெறும் உறையாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

"பாப்பா, நீதான் படிச்சவளாச்சே. இந்தப் பிளாஸ்டிக் சூடு காட்னா எளகுமா?"

என் புத்தகத்தில் அந்தப் பாடம் இருந்தது. சூட்டில் இளகும் பிளாஸ்டிக், இளகாத பிளாஸ்டிக் என்று இரண்டு வகை. எட்டு மாதமாக யாரும் என்னிடம் பாடத்தில் கேள்வி கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், "இளகும்பா. சூடு பண்ணா வேணுங்கற வடிவத்துக்கு வரும்" என்றேன். இது எந்த வகை என்று யோசித்தேனா? யோசித்தேன். பார்த்தால் தெரியவில்லை. ஆனால் பதில் சொல்லிவிட்டேன்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் அப்பா உறையைக் காட்டினார். அது இளகியது. புத்தகம் பொய் சொல்லவில்லை. நாடாவை உள்ளே அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். போனது. அம்மா சாம்பிராணி போட்டாள், அப்படியும் கருகல் நாற்றம் அடங்கவில்லை. சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி. அப்பா எட்டி நின்று பார்த்தார். "இப்போதான் நெறைவா இருக்குது" என்றார்.

மாமா பூசணிக்காயோடு உள்ளே வந்தார். மோப்பம் பிடித்தார். பூஜைத் தட்டைப் பார்த்தார். காயைக் கீழே வைத்துவிட்டு உறையை எடுத்து, நாடாவை இழுத்தார். ஆறிப்போய் இறுகியிருந்ததால் காலில் வைத்து மிதித்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. உறையின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"யாரு சூடு காட்டச் சொன்னது?"

அப்பா பெருமையாகச் சொன்னார். "பாப்பாதான். புஸ்தகத்துலயே இருக்குதாம்."

மாமா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பழைய மாமாவைப் பார்த்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது எங்களுக்கு. அத்தைகூடச் சிரித்தாள். பிறகு அவர் சிரிப்பு நின்றது. உறையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏய். நாளைக்கி தட்டு மாத்தறாங்க. உன்ன யாருனா கேட்டாங்களாடீ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"அங்க இன்னா பாக்கற? நான் கேக்கறேன். உனக்கு இன்னா வேணும்?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சேலை நிறம்கூடக் கேட்டதில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"கெமிஸ்ட்ரி."

இதை நான் எப்படி விளக்குவேன்? அந்த நாற்றத்தில் என் தலைக்குள் பிளாஸ்டிக் பாடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி சரியாகக் காதில் விழாமல் சொன்னேனா? காலேஜ் வேண்டும் என்று சொன்னேனா? மாமா வேண்டாம் என்று சொன்னேனா? எதுவும் தெரியாது. அவருடைய கோணல் உறையைப் பார்க்க எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அது மட்டும் தெரியும்.

"சரி. அதையே குடுங்க பாப்பாவுக்கு" என்றார் மாமா.

"தெரியாம சொல்லுதுடா" என்றாள் அம்மா.

"தெரிஞ்சி சொல்லிச்சோ தெரியாம சொல்லிச்சோ. சொல்லிச்சி இல்ல? போதும்க்கா."

"உனக்கு அங்க எவளாச்சும் இருக்காளா? இருந்தா சொல்லிடு."

"யாரும் இல்ல."

"அப்போ அதுக்கு இன்னா கொறச்சல்?"

"அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லக்கா" என்றார். எழுந்து வெளியே போனார். பூசணிக்காய் அப்படியே கிடந்தது, மறுநாள் அத்தைதான் உடைத்தாள். தட்டு மாற்றவில்லை. அத்தை தன் தட்டைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, "இங்கிலீசு சோறு வேணாம்னுட்டான்" என்று முணுமுணுத்தபடி பஸ் ஏறினாள். அப்பா வீட்டிலேயே ஒரு மூலையில் நின்றுகொண்டு அந்த ஸ்டவ்வைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கல்யாணம் நின்றது தன்னால்தான், நாடாவைச் செருகியதால்தான் என்று அவர் ரொம்ப நாள் நம்பினார். நிஜமாகவே அப்படியும் இருக்கலாம்.

மாமா வெறும் கையோடு போனார். புது உறை எப்படிப் போனது என்று அங்கே யார் கேட்டார்கள், என்ன பதில் சொன்னார், சொல்லவில்லை. அடுத்த ஆனி மாதம் அப்பாவே என்னை டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காலேஜில் சேர்த்தார். எனக்கு வேதியியல் கிடைத்தது. நான் பட்டம் வாங்கினேன், பயிற்சி முடித்தேன், பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். இதில் எனக்குள்ள பெருமையை மறைத்துக்கொள்ளப் போவதில்லை. எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லி வழி கேட்டால் காட்டுவார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நான் அவரை வேண்டாம் என்றேனா, அவர் என்னை வேண்டாம் என்றாரா? பாடம் நடத்தும்போது, சூட்டில் இளகும் பிளாஸ்டிக் என்று கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும் சாக்பீஸ் ஒரு நொடி நிற்கிறது.

அவருக்கு வந்தவாசிப் பக்கம் பெண் எடுத்தார்கள். நல்ல மாதிரி. இரண்டு பிள்ளைகள். சர்வீஸ் முடிந்து வந்து இப்போது ஆரணியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். இடுப்பு பெல்ட்டில் செல்போனுக்கு ஒரு தோல் உறை. மேலே மூடி, மூடியில் குமிழ். அழைப்பு வந்தால் அவர் கை தானாகப் போகிறது. அவர் சொல்லிப் போவதில்லை. மூடியைத் திறந்து எடுப்பதற்குள் பல சமயம் மணி நின்றுவிடும். "இவ்ளோ அவசரமா இன்னா சொல்லப்போறாங்க" என்பார்.

வாக்குப்பதிவு முடிந்து பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அதிகாரி பெஞ்சிலிருந்து எழுந்தார். நான் வெளியே வந்து மாமாவுக்குப் போன் போட்டேன். இரண்டாவது முறை போட்டபோதுதான் எடுத்தார்.

"மாமா, இங்க ஒரு ஆபீசர் வந்திருக்காரு. தொடையில கட்டியிருக்காரு. கறுப்பு பிளாஸ்டிக். உள்ள தள்ளினா டக்குனு சத்தம் வருது."

"நம்ம வூட்ல இருக்கறதாட்டமா?"

"ஆமா. கோணாம இருக்குது."

சிரித்தார். "அப்போ அந்த ஆளு வூட்ல கெமிஸ்ட்ரி படிச்சவங்க யாரும் இல்லபோல."

நானும் சிரித்தேன். அவருடைய பிள்ளைகளின் கூச்சல் பின்னால் கேட்டது. அந்தச் சிரிப்போடு, அன்றைக்கு யார் யாரை வேண்டாம் என்றது என்று கேட்டுவிடலாம் போலத் தோன்றியது.

"சொல்லுங்கம்மா, வேற இன்னா வேணும்?" என்றார்.

அதே கேள்வி. இந்த முறை என் வாயில் கெமிஸ்ட்ரிகூட வரவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

கான்வாஸ் உறையைக் கரையான் தின்றுவிட்டது. தோல் உறையை ஒரு எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துக்கொள்ளக் கேட்டு வாங்கிப் போனான், வரவில்லை. நைலான் உறையை எலி கடித்துப் போட்டது. அப்பாவின் பட்டுக் கயிறு சைக்கிள் சாவியோடு காலேஜ் பஸ்ஸில் எங்கோ விழுந்தது. உடம்போடு கட்டிக்கொண்டிருந்தால் தொலைந்திருக்காது. கோணிய பிளாஸ்டிக் உறை மட்டும் இருக்கிறது. அதில் துப்பாக்கியும் போகாது, நாடாவும் இப்போது போவதில்லை. வருஷா வருஷம் அம்மா அதற்கு வெறுமனே பொட்டு வைக்கிறாள்.

அன்று பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு, 'உன்ன யாருனா கேட்டாங்களாடீ' என்றாரே, அதுதான் கடைசி. அதற்குப் பிறகு வேலு மாமா என்னை ஒரு நாளும் 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்லை.